எடை போடும் சத்தம்: ஒரு பஞ்சு வியாபாரி வீட்டில் அமாவாசை ராத்திரி

நாள் 1: வியாழன், இரவு 9 மணி, காங்கேயம்

கோவையில் கிளம்பும்போது மணி பத்து. பல்லடம் தாண்டுவதற்குள் மாசி வெயில் கார்க் கதவைத் தொட முடியாதபடி ஆக்கிவிட்டது. பொங்கலூர், அவிநாசிபாளையம் பக்கமெல்லாம் காற்றாலைகள் சும்மா நின்றுகொண்டிருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. “நல்லதாப் போச்சு, ஒலிப்பதிவுல காத்து இரைச்சல் விழாது” என்றார் அக்கா.

காரில் நாலு பேர். மூன்று பேருக்குப் பேய் தேடுவது விடுமுறைநாள் வேலை. ஒருவர் மென்பொருள் கம்பெனிக்காரர். மீட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு என்பதால் மீட்டர்காரர் என்றே சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் கல்யாண போட்டோகிராபர். அக்கா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர், ஒலிப்பதிவு அவருடையது. நாலாவது நான். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் போகிற வீடு என் அம்மா வழியில் தூரத்து உறவினருடையது. அனுமதி வாங்கித் தந்தவன் நான், ஏதாவது உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவனும் நானே.

போகிற வழியில் சிவன்மலை ஏறினோம். இது என் பிடிவாதம். இங்கே முருகன் சன்னதிக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்பார்கள். யாராவது ஒரு பக்தரின் கனவில் சாமி வந்து இன்ன பொருளை வை என்று சொல்லும். அவர் வந்து சொன்னால், சாமியிடம் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்த பிறகு அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும், நாள் கணக்கு எதுவும் இல்லை. தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது என்று இந்தப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். மீட்டர்காரர் பெட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பூக்கேக்கறது, கவுளி சொல்றது, நம்ம மீட்டர் எல்லாம் ஒரே குடும்பந்தான் போல” என்றார். கவுளி என்றால் பல்லி. கொங்கு நாட்டில் பல்லி சத்தம் கேட்காமல் ஒரு காலத்தில் பெண் பார்க்கவே கிளம்பமாட்டார்கள்.

நாங்கள் போன வீடு காங்கேயத்திலிருந்து தாராபுரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. பாகப்பிரிவினை முடியாத சொத்து, ஊர் பெயர் வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

கட்டியவர் பஞ்சு வியாபாரி. கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் மளமளவென்று பெருகின. அத்தனை மில்லுக்கும் பஞ்சு போக வேண்டுமே. இந்த மாதிரி ஊர்களில் உட்கார்ந்துகொண்டு உப்பம், கருங்கண்ணி, அப்புறம் கம்போடியா என்று பருத்தி ரகங்களை வண்டி வண்டியாக வாங்கி அனுப்பியவர்கள் இவர்கள். இன்றைக்கும் பஞ்சு விலையைக் கண்டிக் கணக்கில்தான் சொல்கிறார்கள், ஒரு கண்டி சுமார் 356 கிலோ. அந்த வீட்டில் எடை போட்ட இரும்புக் கொக்கி இன்னும் உத்திரத்தில் தொங்குகிறது. பேய்க்கதையும் அந்தக் கொக்கியைப் பிடித்துத்தான் தொங்குகிறது.

கதை இதுதான். பஞ்ச காலத்தில் ஒரு குடியானவர் பருத்தி கொண்டுவந்தார். வியாபாரி எடையில் கையடித்தார். குடியானவர் வீடு போய்ச் சேரவில்லை. அமாவாசைக்கு அமாவாசை வந்து, தன் பொதியை மறுபடி எடை போடச் சொல்கிறார். நடுச்சாமத்தில் கொக்கி அசையும், தராசுத் தட்டு இடிக்கிற சத்தம் கேட்கும். எந்தப் பஞ்சம் என்று கேட்டால் தாது வருசப் பஞ்சம் என்கிறார்கள். அது 1876-78. கொங்கு நாட்டை அது உலுக்கியது உண்மைதான். ஆனால் வீட்டைப் பார்த்தால் அதற்கு வெகுகாலம் பிந்திக் கட்டியது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பேய்க்கு வீட்டைவிட வயது எச்சு.

பொழுதோடு போய்ச் சாவி வாங்கினோம். வீட்டையும் பின்னால் உள்ள தோட்டத்தையும் பார்த்துக்கொள்பவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நான் அப்பாரு என்று கூப்பிடுகிறேன். பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங் கண்ணு, பேயப் பாக்கவா இத்தன பொட்டி?”

“ஆமாங்க அப்பாரு. இருக்குதுங்களா?”

“இருந்துதுன்னா ஊஞ்சப் பலகைய ராத்திரியோட ராத்திரியாக் கழட்டிட்டுப் போக உட்டிருக்குமுங்களா? ரெண்டு தேக்குத் தூணு, நெலவாசப்படிப் பித்தளக் குமிழு, அல்லாம் போச்சு. அந்தக் குடியானவன் வந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.”

அவருக்குக் கவலை இரண்டு. ஒன்று கட்டுவிரியன். தரையில் படுக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார், அது ராத்திரியில் படுக்கைக்கு வந்து கடிக்கிற பாம்பு. இரண்டாவது கரண்டு. மும்முனை கரண்டை இந்த வாரம் ராத்திரி முறைக்கு மாற்றிவிட்டார்களாம், வெங்காயத்துக்குத் தண்ணி கட்டத் தூக்கம் போகிறது என்று ஒரு பாட்டம் புலம்பினார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம்.

நாளைக்கு அமாவாசை, அதுவும் வெள்ளிக்கிழமை.

நாள் 2: சனி, விடியற்காலை 6 மணி

தூங்கவில்லை. கண் எரிகிறது. மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் முழுக்க வீட்டை அளந்தோம். பேய் தேடுவதில் முக்கால்வாசி வேலை இதுதான் என்று எனக்கு முன்னால் தெரியாது. பகலிலேயே வீட்டின் படம் வரைந்து, எந்த அறையில் என்ன சத்தம், என்ன வெப்பம், மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ராத்திரி அதிலிருந்து மாறினால்தான் பேச்சு.

வீடு தொட்டிக்கட்டு. திண்ணை ஏறி, நிலவாசல் தாண்டினால் ஆசாரம், அதாவது முன்கூடம். அதற்கு மேலே, முன்பக்கமாக, பலகை போட்ட அட்டாலி. ஏணி ஒடிந்து கிடந்ததால் ஏறவில்லை. நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் கூடம். இடது கையில் கிட்டங்கி, பஞ்சு அடுக்கிய அறை. கடைசியில் பின்சுவரை ஒட்டி எடை போட்ட அறை. சுவர் இரண்டடி கனம், மண்ணும் காரையும். கூரைக்குப் பனஞ்சட்டம், மேலே ஓடு. நிலவாசலுக்கு மேலே சுதையில் வருடம் எழுதியிருந்திருக்கிறார்கள், அந்த இடம் மட்டும் பொரிந்து விழுந்துவிட்டது. பின்சுவருக்கு வெளியே பூட்டிய தகரச் சாய்ப்பு ஒன்று. வீட்டோடு சேர்த்தியில்லை என்று அதைப் படத்தில் போடவில்லை.

ஒயரிங் எல்லாம் மரப்பட்டையில் ஆணி அடித்து ஓட்டியது, பீங்கான் பியூஸ், வட்டமான கறுப்புச் சுவிட்சுகள். மீட்டர்காரரின் கே-2 மீட்டர் ஒவ்வொரு சுவிட்சுக்குப் பக்கத்திலும் கண்ணைச் சிமிட்டியது. அதில் ஐந்து விளக்கு. காந்தப்புலம் மில்லிகாஸ் ஒன்றரைக்குக் கீழே இருந்தால் முதல் பச்சை மட்டும், இருபதைத் தாண்டினால் கடைசிச் சிவப்பு வரை. ஒயர், மோட்டார், கைப்பேசி எதுவானாலும் காட்டும். அதனால் சாயந்திரமே வீட்டுக்கு வருகிற மெயினை அணைத்தோம். கைப்பேசிகளை விமான முறைக்கு மாற்றி காரில் போட்டுப் பூட்டினோம். இனி மீட்டர் எரிந்தால் அது கரண்டு இல்லை என்று ஆகும். அப்படித்தான் நினைத்தோம்.

எட்டு மணிக்கு அப்பாரு வீட்டிலிருந்து தூக்குப்போசியில் சோறு வந்தது. அரிசியும்பருப்பும், மேலே ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சிய நெய், தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். போட்டோகிராபர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். பேய் வந்தாலும் ஓட முடியாது என்று அக்கா சொன்னது பலித்துவிடும் போலிருந்தது. “நான் திண்ணைலதான் இருப்பனுங்க, ஒண்ணுன்னா ஒரு சத்தம் குடுங்க” என்று சொல்லிவிட்டு அப்பாரு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தோம்.

இருட்டு என்றால் என்ன என்று மறந்தே போயிருந்தது. தொட்டிக்கு மேலே நட்சத்திரம் தெரிகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளின் மூச்சைத்தான் நம்ப வேண்டும். முதல் அரை மணி நேரம் எனக்கு என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தமே கேட்டது.

அப்புறம் கூரை பேச ஆரம்பித்தது. டப். கொஞ்ச நேரம் விட்டு, மடார். பகலெல்லாம் காய்ந்த பனஞ்சட்டமும் ஓடும் ஆறும்போது சுருங்குகிற சத்தம். காரணம் தெரியும், ஆனாலும் முதல் மடாருக்கு நான் எழுந்து நின்றுவிட்டேன். பத்தே முக்காலுக்கு ஓட்டின்மேல் யாரோ நிதானமாக நடந்து போனார்கள். போட்டோகிராபரின் அகச்சிவப்புக் கேமராவில் ஓடு விலகிய சந்து வழியாக இரண்டு பளிச்சென்ற கண் தெரிந்தது. மரநாய். பதினொன்றேகாலுக்கு ஒரு பெண் தூரத்தில் வீறிட்டாள். மயில். இந்தப் பக்கம் இப்போது காக்காயைவிட மயில் அதிகம், ராத்திரியிலும் அகவும்.

அதே நேரத்திலிருந்து திண்ணைப் பக்கம் ஒரு குறட்டை. கர்ர்… என்று இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து. அக்கா குறிப்பேட்டில் “அப்பாரு குறட்டை, காரணம் தெரிந்தது” என்று எழுதிக்கொண்டார். எழுதச் சொன்னவன் நான். உள்ளபடி சொன்னால் அந்தக் குறட்டைதான் எனக்குத் தைரியமாக இருந்தது.

கிட்டங்கியில் கேமரா வைத்தபோது திரையில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் மிதந்தன. இதற்காகவே வெளிநாட்டுக் குழுக்கள் ஆவி என்று படம் போட்டிருக்கின்றன. போட்டோகிராபர் சிரித்துவிட்டார். “கல்யாண மண்டபத்துல சாம்பிராணி போட்டா இதே மாதிரி ஆயிரம் வரும்.” லென்சுக்கு ஒட்டிப் பறக்கிற தூசியில் வெளிச்சம் பட்டுத் திரும்புவது அது. எத்தனையோ வருடமாகப் பஞ்சே இல்லாத அறை, ஆனாலும் சட்டத்தின் இடுக்கில் இன்னும் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேயைவிட அது எனக்கு என்னமோ செய்தது.

நடுச்சாமத்தில் காத்திருக்கும்போது அக்கா கதை சொன்னார். இங்கிலாந்தில் கவென்ட்ரி ஊரில் விக் டாண்டி என்று ஒரு பொறியாளர். அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் பேய் என்று பேச்சு. ஒரு ராத்திரி அவருக்கே வியர்த்து, பக்கவாட்டில் சாம்பல் நிற உருவம் தெரிந்திருக்கிறது. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான கத்தியைக் கைப்பிடி பொருத்துவதற்காகக் கிடுக்கியில் மாட்டினால், அது தானாக அதிர்கிறது. தேடிப் பார்த்தால் புதிதாக மாட்டிய மின்விசிறி, நொடிக்கு 19 அதிர்வு அளவில் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பிக்கொண்டிருக்கிறது. விசிறியைச் சரிசெய்ததும் பேயும் போயிற்று. 1998-இல் கட்டுரையாகவே எழுதினார், அதுவும் ஆவி ஆராய்ச்சிக்கென்று 1882-இல் லண்டனில் தொடங்கிய சங்கத்தின் இதழில். “அப்ப பேயத் தேடறதுன்னா விசிறியத் தேடறதா?” என்றேன். “பல சமயம்” என்றார்.

ஒன்றரைக்கு எடை அறைக்குப் போனோம். கொக்கிக்கு நேர் கீழே நாற்காலிகள். மீட்டரைப் பின்சுவர் மாடக்குழியில் வைத்தார் மீட்டர்காரர், ஒரே பச்சை. ஒலிப்பதிவு ஓடியது. அவர் பேச ஆரம்பித்தார். முதலில் புத்தகத் தமிழில் “இங்கே இருக்கும் ஆன்மாவே” என்று தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாது வருசத்துக் குடியானவருக்கு அந்தத் தமிழ் புரியுமா? அக்கா சைகை காட்ட, அவர் மாற்றிக்கொண்டார்.

“ஏனுங்க. உங்க பருத்திக்கு எடை சரியா இல்லைங்களா? இங்க இருந்தீங்கன்னா ஒரு தட்டுத் தட்டுங்க.”

டக்.

சுவருக்குள்ளிருந்து வந்தது. இரும்பு இரும்பை அடித்தாற்போல, ஒரே ஒரு தடவை. அதே நொடியில் மாடக்குழி சிவப்பாக எரிந்தது, ஐந்து விளக்கும்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். போட்டோகிராபரின் கையைப் பிடித்தேன். அவர் என் கையை முன்னாலேயே பிடித்திருந்தார்.

மணி 1:52. சிவப்பு ஒரு கணம்தான். அப்புறம் இறங்கி இரண்டு விளக்கில் நின்றது. நின்றது என்றால் அசையவே இல்லை. மறுபடி தட்டச் சொன்னோம், கெஞ்சினோம், மீட்டர்காரர் கொஞ்சம் அதட்டியும் பார்த்தார். ஒன்றும் இல்லை. இரண்டு விளக்கு மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. கொக்கி அசையவில்லை. மெயினை மறுபடி போய்ப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. மூன்றரை மணிக்குச் சுவரில் இன்னொரு டக், சின்னதாக. மீட்டர் ஒற்றைப் பச்சைக்குத் திரும்பியது.

ஆசாரத்துக்கு வந்து, விடியும்வரை யாரும் பேசவில்லை. குறட்டை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு அப்பாரு கதவைத் தட்டினார். காலெல்லாம் ஈர மண்ணு, கையில் காப்பித் தூக்கு. “வந்துதுங்களா?” என்றார். வந்தது என்று சொன்னோம். “அப்பிடீங்களா” என்று சொல்லிவிட்டுக் காப்பி ஊற்றினார்.

நாள் 3: சனி இரவு, காங்கேயம் லாட்ஜ்

பகல் தூக்கம், சாயந்திரம் பரோட்டா, அப்புறம் காதில் ஹெட்போன். எட்டு மணி நேரப் பதிவை நாலு பேரும் பங்கு போட்டுக் கேட்கிறோம்.

2:40-க்கு ஒரு இடம் இருக்கிறது. எடை அறை அமைதியாக இருக்க, ஆசாரத்தில் வைத்த பதிவில் ஏதோ ஒரு மூச்சு, சொல் மாதிரி. மீட்டர்காரர் கேட்ட உடனே, “எடை போடுன்னு சொல்லுது” என்றார். அதற்கப்புறம் எனக்கும் “எடை போடு” தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அக்கா கெட்டிக்காரி. ஒன்றும் சொல்லாமல் போட்டோகிராபரிடம் தனியாகப் போட்டுக் காட்டினார். அவருக்கு “விடு, போறேன்” என்று கேட்டதாம். தன் அம்மாவுக்குப் போனிலேயே போட்டுக் காட்டினார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இட்லி போடுங்குதா?” என்றார்.

இந்த ஆவிக்குரல் பதிவு என்பதே தற்செயலாக ஆரம்பித்தது. 1959-இல் சுவீடனில் பிரீட்ரிச் யூர்கென்சன் என்ற ஓவியர் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்யப் போனார். திரும்பிப் போட்டுக் கேட்டால் மனுசக் குரல் கேட்டதாம். இரைச்சலில் பேச்சைத் தேடுவது மூளையின் பழக்கம், அதுவும் என்ன கேட்கப் போகிறது என்று யாராவது முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கேட்டே தீரும். குரலைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டோம். அதில் மீட்டர்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் 1:52-ஐ அடிக்க முடியவில்லை. டக் என்பது நாலு பேருக்கும் டக்தான். எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. நம்பிக்கை இல்லாதவன் என்று எழுதியவன்தானே, எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்கா மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார். “சிவப்பு வந்தது பத்தி நான் யோசிக்கல. அப்புறம் ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல அசையாம நின்னுது பாரு, அதுதான் இடிக்குது. கோவமா வந்த ஆவி ஒரே அளவுல நிக்குமா?”

நாள் 4: ஞாயிறு, கோவை

காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு, சாவி கொடுக்கிற சாக்கில் மறுபடி போனோம். அப்பாரு தோட்டத்தில் வெங்காயப் பாத்தியில் நின்றிருந்தார். நான் சும்மா பழமை பேசுகிற மாதிரி ஆரம்பித்தேன்.

“வெள்ளிக்கெழம ராத்திரி நல்லாத் தூங்கினீங்க போல அப்பாரு. குறட்டை ஆசாரம் வரைக்கும் கேட்டுது.”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “நான் எங்கீங் தூங்குனேன்? உங்களுக்குச் சோறு குடுத்துட்டு ஒரு நாழி திண்ணைல குக்கியிருந்தேன். அப்பறம் காட்டுக்கு வந்துட்டனுங்க. ரெண்டு மணிக்கு முன்னால கரண்ட உட்டான், மூன்றைக்குப் புடுங்கிட்டான். அதுக்குள்ள ஆறு பாத்திகூடப் பாயல.”

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அக்காதான் முதலில் பேசினார். “மோட்டார் ஸ்டார்ட்டர் எங்கீங் இருக்குது?”

“ஊட்டுப் பின்னால, தகரச் சாய்ப்புலீங். ஆட்டோ போட்டிருக்கறன். கரண்ட் வந்தா அதே டக்குனு எடுத்துக்கும். நான் இங்க மடையத் திருப்புனாப் போதும்.”

பூட்டைத் திறந்து காட்டினார். மாடக்குழிக்கு நேர் பின்னால், அதே சுவரில், ஆணி அடித்து மாட்டிய ஸ்டார்ட்டர் பெட்டி. மாடக்குழிக்குச் சுவரைக் குடைந்திருப்பதால் அந்த இடத்தில் கனம் ஒரு சாண் கூட இருக்காது. மோட்டாரோ ஆழ்துளைக் கிணற்றுக்குள், தோட்டத்தின் அந்தக் கோடியில். ஓடினால் வீட்டுக்குச் சத்தம் வராது. தோட்டத்து இணைப்பு தனி. வீட்டு மெயினை அணைத்தால் அதற்கென்ன? அக்கா சாய்ப்பிலேயே பாடம் எடுத்தார். மோட்டார் கிளம்புகிற கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும், அதுதான் சிவப்பு. கிளம்பிய பிறகு ஒரே சீராக இழுக்கும், அதுதான் அசையாத இரண்டு விளக்கு. கேள்வி கேட்ட நொடியில் டக் வந்தது? ராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்டிருக்கிறோம், எப்போது வந்திருந்தாலும் ஏதாவது ஒரு கேள்விக்குப் பக்கத்தில்தான் வந்திருக்கும்.

வியாழக்கிழமையே அவர் கரண்டு முறையைப் பற்றிச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். பேயின் வரலாற்றைத் துருவித் துருவிக் கேட்டவர்கள், வெங்காயத்துக்கு எப்போது தண்ணி கட்டுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு இன்னொன்று இடித்தது. அப்பாரு காட்டில் இருந்தார் என்றால் குறட்டை யாருடையது? “காரணம் தெரிந்தது” என்று தைரியமாக எழுதச் சொன்னது நானாயிற்றே. அவர் திண்ணையில் இருக்கிறாரா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். நம்புகிறவர் டக் என்றதும் பேய் என்றார், நான் கர்ர் என்றதும் கிழவர் என்றேன். சோம்பேறித்தனத்தில் இரண்டு பேரும் ஒன்று.

கேட்டதும் அப்பாருவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தயக்கம் தெரிந்தது. கொஞ்ச நேரம் போட்டோகிராபரின் கேமராவைப் பார்த்தார். அப்புறம் பக்கத்துத் தோப்பிலிருந்து ஏணி கொண்டுவந்தார். “வெளிச்சம் போடாதீங்க. ஒராளு ஒராளா ஏறுங்க.”

அட்டாலியில் முன்பக்கச் சுவர்க் கோடியில் காற்றுக்கு விட்ட துவாரம், அதன் மரச்சட்டம் உடைந்திருந்தது. கீழே பலகையெல்லாம் வெள்ளை எச்சம், கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள். ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் மயிரும் சின்னச் சின்ன எலும்பும், முழுசாக ஒரு எலி மண்டையோடு. மூலையில் மூன்று குஞ்சுகள், ஒன்றுக்கொன்று உயரம் வித்தியாசமாக, பஞ்சைச் சுருட்டி நிறுத்தினாற்போல. இதய வடிவ மூஞ்சியைத் திருப்பி என்னைப் பார்த்தன. மூத்தது வாயைத் திறந்தது.

கர்ர்ர்ர்.

கூகை, ஆந்தையில் ஒரு வகை. மற்ற ஆந்தை மாதிரி இது குழறாது. இரை கேட்கிற குஞ்சு ராத்திரி முழுக்க இப்படிக் குறட்டை மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். தாயும் தகப்பனும் இறகு சத்தமே இல்லாமல் வந்து எலியைப் போட்டுவிட்டுப் போகும். தலைக்கு மேலேயே அத்தனை நேரமும் போக்குவரத்து நடந்திருக்கிறது, நாங்கள் கூரைச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். 2:40-க்கு எடை போடச் சொன்னதும், இட்லி போடச் சொன்னதும் இவர்கள்தான் போல. யூர்கென்சன் பறவையைப் பதிவு செய்யப் போய் மனுசக் குரலோடு வந்தார். நாங்கள் போன காரியமும் வந்த காரியமும் அப்படியே தலைகீழ்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே அப்பாரு.”

“நீங்க பேயப் பாக்கோணும்னீங்க. கூகையப் பாக்கோணும்னு கேக்கலீங்களே.” கீழே இறங்கி ஏணியைச் சாய்த்து வைத்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். “இது கத்துனா ஊட்டுல எழவு உழும்னு பசங்க கல்லெடுத்துட்டு வந்துருவானுங்க. மாந்திரீகத்துக்குன்னு புடிக்கறவன் வேற இருக்கறான். கூகைன்னு தெரிஞ்சா நாளைக்கே ஏணி போட்டுருவானுங்க. பேய்னா ஒருத்தனும் ஏறமாட்டான். நாலஞ்சு வருசமா என்ற காட்டுல எலி வெட்டறது பாதியாக் கொறஞ்சு போச்சுங்க. எழுதறதுன்னா எழுதிக்குங்க கண்ணு, ஊர் பேர மட்டும் போட்டுப்போடாதீங்க.”

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது, கூகையைப் பிடிப்பது குற்றம் என்றேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. அமாவாசைப் பேய் இன்னும் நன்றாகக் காவல் காக்கிறது.

அதனால் ஊர் பெயர் போடவில்லை. பாகப்பிரிவினை முடிந்தாலும் போடப்போவதில்லை. போட்டோகிராபர் எடுத்த படங்களில் குஞ்சுகள் இருக்கிற எதையும் வெளியில் தருவதில்லை என்று காரிலேயே முடிவு செய்தோம். மீட்டர்காரர் மட்டும் 1:52 டக்கைத் தன் கைப்பேசியின் அழைப்பொலியாக வைத்துக்கொண்டுவிட்டார்.

ஊர் முக்கில் டீக்கடையில் நிறுத்தினோம். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் நாலைந்து பையன்கள் காரைச் சுற்றிக்கொண்டார்கள்.

“அண்ணா, அந்த ஊட்டுல பேய் இருக்குதுங்களாண்ணா?”

நான் வாயைத் திறப்பதற்குள் போட்டோகிராபர் முந்திக்கொண்டார்.

“இருக்குது தம்பி. நானே கண்ணால பாத்தேன். மொத்தம் அஞ்சு. ரெண்டு பெருசு, மூணு குட்டி.”